கல்லோரத்து அலை

மீனவர் குப்பத்திலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பள்ளிப் பிள்ளைகளே, அலைச்சறுக்குப் பலகையை வாசலில் சாய்த்துவிட்டு ஈரத் தலையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

இந்த மாமல்லபுரத்தில் பேச எத்தனையோ பொருள் இருக்கிறது. கல்லில் செதுக்கிய தேர் இருக்கிறது, யானை இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது ஒரே ஓர் அலையைப் பற்றி. கடற்கரைக் கோயிலைக் கடல் தின்றுவிடாமல் இருக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கல்லுக்கு வடக்கே எழும்பும் அலையைப் பற்றி.

அந்த அலைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. நம்ப முடியாத அலை என்று பெயர். நேற்று இருந்தது, இன்று இல்லை. காலையில் இருந்தது, பத்து மணிக்குக் காணோம். போன வருஷம் இந்த மாதம் முழுக்க இருந்தது, இந்த வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டோடு கிளம்பி வந்து, ஏமாந்து திரும்பியவர்கள் வைத்த பெயர் அது. நானும் வைத்திருக்கிறேன். வாய் நிறையத் திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டுகளையெல்லாம் இந்த மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்.

நான் கடலோரத்தில் பிறந்தவன் இல்லை. முப்பது வயதுக்கு மேல்தான் பலகை பிடித்தேன். அந்த ஆரம்ப நாட்களில், ஒரு ஜூலை மாத விடியற்காலை. வானம் தெளிவாக இருக்கிறது. காற்று மேற்கிலிருந்து மெல்ல வருகிறது. தூரத்தில் பார்த்தால் கடல் வரிவரியாக எழுந்து வருகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கல்லோரத்தில் அலை உடையவே இல்லை. வருகிறது, வீங்குகிறது, அப்படியே நடந்து வந்து கரையில் போய்த் தொப்பென்று விழுகிறது. படகோரம் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். “இன்னிக்கு ஒண்ணும் கெடைக்காது தம்பி. மண்ணு வடக்கால போயிடுச்சி. வாடை பொறந்து வெள்ளம் திரும்பினாத்தான் இங்க மண்ணு சேரும்” என்றார்.

நான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த மண் தெரியாது. தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. புரிந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நம் கரையில் உடையும் அலை எங்கே பிறக்கிறது? இங்கேயா? இல்லை. சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை நமக்கு வரும் நல்ல அலைகள் பல, நிலநடுக்கோட்டைத் தாண்டி, ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தெற்கே, அண்டார்டிகாவைச் சுற்றிச் சுழலும் புயல்களில் பிறக்கின்றன. அந்தப் புயல் நம் ஊருக்கு வராது. அதன் செய்திகூட நமக்கு வராது. அலை மட்டும் கிளம்பி வரும். பலகைக்காரப் பிள்ளைகள் இதை ஸ்வெல் என்கிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 16 நொடி இடைவெளி இருக்கிற ஸ்வெல், ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர். ஆறேழு நாள் தூங்காமல் நடந்து நம் வாசலுக்கு வந்து சேருகிறது அந்த அலை. வந்த விருந்தாளியை நாம் என்ன சொல்கிறோம்? நம்ப முடியாதவன் என்கிறோம்!

அந்த வழியில் ஒரு பெரிய தடை நிற்கிறது. என்ன தடை? இலங்கை. தென்மேற்கிலிருந்து வரும் ஸ்வெல்லை இலங்கை தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. கேரளக் கரையில் ஆளுயர அலை அடிக்கும் நாளில் நம் கரையில் முழங்கால் அலை கிடப்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான். சற்றே தெற்கிலிருந்து, தென்கிழக்கிலிருந்து வருவது மட்டும் தீவின் ஓரத்தைத் தாண்டி, வளைந்து நம்மிடம் வருகிறது. திசை கொஞ்சம் மாறினால் போதும். இருக்கிற அலை இல்லாமல் போய்விடும்.

இப்போது அந்த 16 நொடிக்கு வருகிறேன். பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள், இது உயிர் காக்கும் கணக்கு. எட்டு நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 100 மீட்டர். 16 நொடி அலையின் நீளம் 400 மீட்டர். இடைவெளி இரண்டு மடங்கானால் நீளம் நான்கு மடங்காகிறது. நீண்ட அலை ஆழத்திலேயே தரையைத் தொட்டுவிடும். தரையைத் தொட்ட அலை வேகம் குறைந்து, குறுகி, உயரும். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது வந்ததே தெரியாது. கரையில் நிற்பவர் தலைக்கு மேல் விழும். காற்றே இல்லாத, வெயில் அடிக்கிற நாளில் திடீரென்று கடல் ஏறி வருவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை நாம் பறிகொடுத்தோமே, அன்று வந்தது இப்படிப்பட்ட கடல்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு எச்சரிக்கை தருகிறது. அலைக்காகக் காத்திருக்கும் பிள்ளை அந்த எச்சரிக்கையைப் படிக்கிறது. குளிக்க வரும் குடும்பம் படிப்பதில்லை. படிக்க வையுங்கள், உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

சரி, ஸ்வெல் வந்துவிட்டது. அது உடைய வேண்டுமே! ஒரு மீட்டர் உயர அலை, ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் தலைகுப்புறக் கவிழும். அந்த ஒன்றேகால் மீட்டர் ஆழம் எங்கே கிடைக்கிறது? அடியில் கிடக்கும் மணல் திட்டுதான் கொடுக்கிறது. திட்டு சாய்வாக இருந்தால் அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி, துணி கிழிவதுபோல ஓரமாகக் கிழிந்துகொண்டே போகும். அந்தக் கிழிசலுக்கு முன்னால் ஓடுவதுதான் அலைச்சறுக்கு. திட்டு மட்டமாகக் கிடந்தால் அலை மொத்தமாக ஒரே நேரத்தில் கவிழும். பலகைக்கு வழியில்லை. திட்டே இல்லையென்றால்? அன்று நான் பார்த்ததுபோல, வீங்கி வந்து கரையில் தொப்பென்று விழும்.

ஆக, அலையைத் தேடிப் போனவன் மணலில் வந்து நிற்கிறான். அந்த மணல் எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது? சோழமண்டலக் கரையின் கதையே இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

நம் கரையில் மணல் நடக்கிறது. தெற்கிலிருந்து அலை சாய்வாக வந்து அடிக்கும் மாதங்களில் மணல் வடக்கே நடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில், வாடைக் காலத்தில், தெற்கே நடக்கிறது. சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கே ஓடும் நீரைத் தெண்டி வெள்ளம் என்பார்கள், தெற்கே ஓடும் நீரை வன்னி வெள்ளம் என்பார்கள். தெண்டி ஓடும் மாதங்களே அதிகம். ஆகவே வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் மிச்சம் வடக்கே போகிறது. எவ்வளவு? ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் என்பது பொறியாளர்களின் மதிப்பீடு. ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வையுங்கள். 50,000 லாரி மணல், ஓட்டுநர் இல்லாமல், டீசல் இல்லாமல், இரவும் பகலும் நம் காலடியில் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.

இந்த மணலின் பாதையில் ஒரு கல்லைப் போட்டால் என்ன ஆகும்? கல்லுக்குத் தெற்கே மணல் சேரும். கல்லுக்கு வடக்கே மணல் குறையும். வாடை பிறந்ததும் கொஞ்ச காலத்துக்கு எல்லாம் தலைகீழ். கல்லுக்கு வடக்கே, நம் அலை உடையும் அந்த மூலையில், மணல் வந்து ஒதுங்கும். அந்த மணல் தை, மாசியில் அங்கே படுத்துக் கிடக்கும். சித்திரையில் தெற்கத்தி ஸ்வெல் வரும்போது அதன் மேல்தான் அலை கிழியும். கிழிகிற ஒவ்வோர் அலையும் அந்தத் திட்டிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து வடக்கே அனுப்பும். எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் திட்டு தீரும். அன்று அந்தப் பெரியவர் சொல்கிறார், மண்ணு வடக்கால போயிடுச்சி என்று! போன வாடை எப்படி அடித்தது, எத்தனை நாள் அடித்தது, நடுவில் புயல் ஏதாவது வந்து திட்டைக் கலைத்ததா என்பதைப் பொறுத்து இந்த வருஷத்து அலை இருக்கிறது. நான் ஜூலை மாதத்தில் ஏமாந்ததற்கு விடை முந்தைய டிசம்பரில் இருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

அலை எந்தப் பக்கம் கிழிகிறது என்பதிலும் இதே கதைதான். தெற்கத்தி ஸ்வெல் கோயில் முனையைச் சுற்றி வளைந்து வடக்கே ஓடுகிறது. கரையைப் பார்த்து வருகிறவனுக்கு வடக்கு என்பது வலது கை. அதனால் நம் அலை வலது பக்கம் கிழிகிறது. வாடைக் காலத்தில் இடது பக்கம். ஆகஸ்ட் மாதத்தில் ஏன் இங்கே போட்டிகள் வைக்கிறார்கள்? 2023 ஆகஸ்டில் உலகத் தரவரிசைப் போட்டி நடந்ததும், 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன் போட்டி நடந்து நம் நாட்டின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதும் இந்த மணற்பரப்பில்தானே! தெற்கத்தி ஸ்வெல்லும், விடியலில் மேற்கிலிருந்து வரும் காற்றும் சேர்ந்து அமையும் மாதம் அது.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். விடியலில் தரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும்போது அலையின் முகம் கண்ணாடி. முற்பகல் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் முகம் கலைந்து பொரிப்பொரியாகிவிடும். பத்து மணிக்கு அலை காணாமல் போன மர்மம் இவ்வளவுதான். ஏற்றவற்றமும் உண்டு. நம் பக்கத்தில் பௌர்ணமி, அமாவாசைக்குக்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் ஒன்றேகால் மீட்டர் ஆழத்தை நம்பியிருக்கிற அலைக்கு ஒரு மீட்டர் என்பது வாழ்வும் சாவும்.

கல்லின் இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். கல்லில் மோதும் அலை எல்லாம் அங்கேயே சாவதில்லை. ஒரு பகுதி திரும்புகிறது. திரும்பும் அலை, அடுத்து வரும் அலையின் மேல் ஏறினால் இரண்டு உயரமும் கூடுகிறது. கலிபோர்னியாவில் நியூபோர்ட் துறைமுக வாயிலில் நீளக் கல்சுவர் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் எழும்பும் அலைக்கு வெட்ஜ் என்று பெயர், ஆப்பு என்று அர்த்தம். கோடையில் தெற்கு ஸ்வெல் வரும்போது, சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் புதிதாய் வரும் அலையும் கூடி, 20 அடிக்குமேல் ஆப்புபோலக் கூராக எழும். மற்ற நாட்களில் அந்த உயரம் இருக்காது.

புளோரிடாவில் செபாஸ்டியன் முகத்துவாரத்து வடக்குச் சுவரோரமும் இப்படி ஓர் அலை இருந்தது. 11 முறை உலகச் சாம்பியனான கெல்லி ஸ்லேட்டர் சிறுவனாக வளர்ந்து பழகிய அலை அது. 2000களின் தொடக்கத்தில் அந்தச் சுவரைப் புதுப்பித்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பழைய சுவர், பழுது பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் சுவரில் பட்டு அலை திரும்பும் விதம் மாறியது. பழைய அலை பழையபடி வரவில்லை. எத்தனையோ பேருடைய இளமை அந்தச் சுவரோரம் கிடந்தது. பழுது பார்ப்பதற்கு முன்னால் அந்த அலையின் கணக்கை யாராவது எழுதி வைத்திருந்தால்? நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. அதைச் சொல்லாமல் இறங்கினால் இந்த மேடை ஏறியது பாவம். கல்லோரம் தண்ணீர் அமைதியாகத் தெரியும். நுரை குறைவாக இருக்கும். இங்கே குளிக்கலாம் என்று தோன்றும். கரைக்கு அடித்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அதுதான்! பலகைக்காரர்கள் அந்த நீரோட்டத்தைப் படிக்கட்டாக வைத்துச் சுலபமாக உள்ளே போகிறார்கள். பலகை இல்லாதவரை அது இழுத்துப் போகிறது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். கல்லைப் பிடிக்கப் போகாதீர்கள், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி உடம்பைக் கிழித்துவிடும். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். கல்லைவிட்டு விலகி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போங்கள். இழுவை தளர்ந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

அன்பர்களே, இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். கல் போட்டதால் அலை வந்தது, கல் போட்டதால் அலை போனது என்று இரண்டும் சொன்னேன். அப்படியானால் கல் நல்லதா கெட்டதா? நான் கல்லுக்கு எதிரி இல்லை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய இந்தக் கடற்கரைக் கோயில் 1,300 ஆண்டு கடல் காற்றைத் தாங்கி நிற்கிறது. அதைக் காக்கக் கல் போட்டதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மீனவர்கள் வீடு கடலில் விழும்போது கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் உட்காருகிறார்கள். வீடு போகிறவனிடம் போய் மணலின் அறிவியலைப் பேசுகிற துணிச்சல் எனக்குக் கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான். கல்லைப் போடும்போது, வடக்கே போகவேண்டிய மணலை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

சென்னையைப் பாருங்கள். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். 1881 புயல் அந்தக் கட்டுமானத்தைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினா ஆனது. நாம் காற்று வாங்குகிறோம், சுண்டல் தின்கிறோம், கூட்டம் போடுகிறோம். சுவருக்கு வடக்கே? ராயபுரத்திலிருந்து மேலே போய்ப் பாருங்கள். மணல் போன கரைக்குக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெரினாவின் ஒவ்வொரு பிடி மணலும் வடசென்னை மீனவன் வாசலுக்குப் போகவேண்டியது என்று நான் சொன்னால், அதில் மிகை கொஞ்சம்தான் இருக்கும்.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் பின்பாதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. வடக்கே நகரத்தின் மணற்கரை கரைந்தது. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு நின்றதா? வடக்கே நகர்ந்தது. அங்கே கல், பிறகு அதற்கும் வடக்கே கல். சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று நோய் ஊர் ஊராகப் போனது. தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவுகளுக்கு நடுவே இன்று பிள்ளைகள் பலகை ஓட்டுகிறார்கள். நானும் அங்கே ஓட்டியிருக்கிறேன், நல்ல அலை. ஆனால் அந்த அலையில் நிற்கும்போதெல்லாம் இது யாருடைய மணல் என்ற கேள்வி என் காலுக்கடியில் ஓடும்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ட்வீட் ஆறு. 1960களில் அதன் முகத்துவாரச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். நம்மைப் போலவே அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது, அளவும் ஏறக்குறைய அதே 5 லட்சம் கன மீட்டர். சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கிர்ரா கடற்கரை தேய்ந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? 2001 முதல், சுவருக்குத் தெற்கே கடலுக்குள் ஒரு நீண்ட பாலம் கட்டி, பம்புகள் வைத்து, மணலை நீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்புகிறார்கள். நின்றுபோன மணல் மறுபடி நடந்தது. அந்த மணல் படிந்து சூப்பர்பேங்க் என்று உலகமே பேசும் அலை பிறந்தது. ஆரம்ப வருஷங்களில் மணல் அளவு மீறிப் போய்க் கிர்ராவின் பழைய அலை புதைந்ததும் உண்மை. அங்கத்தியப் பலகைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, கேள்வி கேட்டார்கள். மணல் இந்த இடத்திலிருந்து எடுத்து அந்த இடத்தில் வைக்கவேண்டிய பொருள் என்று அந்த ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

புதுச்சேரியில் 2018, 2019 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே பல வருஷமாக இல்லாத மணல் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் மணலில் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். மணல் திரும்ப வரும், வழி விட்டால் வரும்.

அப்படி ஒரு வழி யோசிக்கும் நாளில், மேசையைச் சுற்றி யார் உட்கார வேண்டும்? பொறியாளர் உட்கார வேண்டும், அதிகாரி உட்கார வேண்டும். வலை பொத்துகிற அந்தப் பெரியவர் உட்கார வேண்டாமா? தினம் விடியலில் அதே இடத்தில் இறங்கி, நேற்று இடுப்பளவு இருந்த தண்ணீர் இன்று நெஞ்சளவு இருக்கிறது என்று உடம்பால் அளக்கிற இந்தக் கடைசி வரிசைப் பிள்ளைகள் உட்கார வேண்டாமா? கருவி வாரத்துக்கு ஒருமுறை அளக்கும், மாதத்துக்கு ஒருமுறை அளக்கும். இவர்கள் தினம் அளக்கிறார்கள். ஆனால் எழுதி வைப்பதில்லை. எழுதாத சாட்சியை யார் ஏற்பார்கள்?

தம்பிகளே, தங்கைகளே, நாளைக் காலை ஐந்தரை மணிக்குக் கல்லுக்கு வடக்கே வாருங்கள். காற்று எட்டு மணி வரை மேற்காகத்தான் இருக்கும். பலகை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். கூடவே ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். முதல் பக்கத்தில் தேதி, காற்று, இரண்டு அலைக்கு நடுவே எத்தனை நொடி. பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இடுப்பளவு நீரில் நின்று, காலால் மணலைத் துழாவிப் பார்த்து, என்ன சொல்கிறாரோ அதை இரண்டாம் பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.